வீட்டிலா, சானடோரியத்திலா? ஒரு கேள்வி ஆய்வாக மாறிய விதம்

காசநோய்க்கு மருந்துகள் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரும், அவற்றை நோயாளிக்கு எங்கே வைத்துக் கொடுப்பது என்ற கேள்விக்கு 1950-களின் நடுப்பகுதிவரை உறுதியான விடை கிடைக்கவில்லை. நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து, நல்ல காற்றோட்டமுள்ள இடத்தில் அமைந்த சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கவைத்து, ஓய்வும் சத்தான உணவும் கொடுத்துப் பேண வேண்டும் என்பதே மருத்துவ உலகம் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றிவந்த நடைமுறை. சென்னையை அடுத்த தாம்பரத்தில் மருத்துவர் சௌரி முத்து 1928-இல் தொடங்கிய சானடோரியம் அந்த எண்ணத்தில் எழுந்ததுதான். அங்குள்ள ரயில் நிலையம் இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. ஆனால் சுதந்திரம் பெற்ற புதிதில் இந்தியாவில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில் இருக்க, அவர்களுக்கான படுக்கைகள் ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. தேவைப்படும் அத்தனை சானடோரியங்களையும் கட்டி முடிக்கும்வரை நோய் காத்திருக்கப் போவதில்லை. நெருக்கடியான குடியிருப்புகளில், அரைகுறை உணவோடு வாழும் ஏழைகளுக்கு அவர்கள் வீட்டிலேயே மருந்து கொடுத்தால் நோய் குணமாகுமா, கூட வாழும் குழந்தைகளுக்குத் தொற்று பரவிவிடாதா என்பவை ஊகத்தாலோ மூத்த மருத்துவர்களின் வாக்காலோ தீர்க்கக்கூடிய கேள்விகளாக இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கியது அதனால்தான்.

அந்த மையம் நடத்திய முதல் ஆய்வைப் பின்தொடர்ந்து சென்றாலே அறிவியல் ஆய்வு முறையின் அடிப்படைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் கண்டுவிடலாம். ஆய்வு என்றதும் கண்ணாடிக் குடுவைகளும் விலையுயர்ந்த கருவிகளும் பலர் நினைவுக்கு வருகின்றன; பாடநூல்களோ உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு என்று நான்கு படிகளை வரிசைப்படுத்தி முடித்துக்கொள்கின்றன. இரண்டுமே மையமான ஒன்றை விட்டுவிடுகின்றன. ஒருவர் தாம் நம்புவது தவறாக இருக்குமானால் அந்தத் தவறு தமக்கே வெளிப்பட்டுத் தெரியும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வதுதான் ஆய்வு முறை. கருவிகளும் படிகளும் அந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்பவை மட்டுமே. இதை மனித குலம் எளிதில் கற்றுக்கொள்ளவில்லை என்பதற்குக் காசநோயின் வரலாறே சான்று.

ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக், காசநோயை உண்டாக்குவது ஒரு நுண்ணுயிரி என்பதை 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் அறிவித்தார். அந்த அறிவிப்பின் வலிமை அவர் அந்தக் கிருமியைக் கண்ணால் கண்டார் என்பதில் மட்டும் இல்லை. நோயுற்ற திசுக்களில் கிருமி இருக்கிறது என்பதைச் சாயமேற்றிக் காட்டிய பிறகு, அதைப் பிற உயிர்களிலிருந்து பிரித்து, உறைந்த இரத்தச் சீரத்தின்மேல் தனியாக வளர்த்தார். பல கிருமிகள் ஓரிரு நாளிலேயே வளர்ந்து காட்சிக்கு வந்துவிட, இது இரண்டாவது வாரத்தில்தான் கண்ணுக்குத் தென்படத் தொடங்கியது என்பதால், பொறுமையற்றவர்கள் எறிந்திருக்கக்கூடிய குழாய்களை அவர் வைத்துக் காத்திருந்தார். அவ்வாறு வளர்த்த கிருமியைச் சீமைப் பெருச்சாளிகளுக்குச் செலுத்தி நோயை உண்டாக்கி, அவற்றின் உடலிலிருந்து அதே கிருமியை மீண்டும் எடுத்துக் காட்டினார். நோயோடு கிருமியும் கூடவே இருக்கிறது என்பது உடனிருப்பு மட்டுமே. கிருமியால் நோய் வருகிறது என்பது காரணத் தொடர்பு. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்ல, ஒவ்வொரு மாற்று விளக்கத்தையும் சோதனையால் அடைக்க வேண்டியிருந்தது.

இத்தனை கண்டிப்போடு நடந்துகொண்ட அதே கோக், 1890-இல் காசநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று அறிவித்தபோது தம் முறையைத் தாமே கைவிட்டார். டியூபர்குலின் என்று பின்னர் பெயர்பெற்ற அந்தப் பொருளைப் பெற்ற சீமைப் பெருச்சாளிகளில் நோய் வளர்வது நின்றுவிட்டது என்று கூறியவர், அது எதனால் ஆனது என்பதைச் சில மாதங்களுக்கு வெளியிடாமலேயே இருந்தார். ஆகவே வேறு எவரும் அதைச் செய்து பார்த்துச் சரிபார்க்க வழி இருக்கவில்லை. நோயாளிகள் பெர்லினுக்குத் திரண்டு வந்தார்கள்; ஊசி போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு நோய் முற்றியது, சிலர் இறந்தார்கள். நோயியலாளர் ருடால்ஃப் விர்ச்சோ நடத்திய பிரேதப் பரிசோதனைகள் மருந்தின் தீங்கை வெளிக்கொணர்ந்தன. டியூபர்குலின் பிற்காலத்தில் காசநோய்த் தொற்றைக் கண்டறியும் தோல் பரிசோதனைப் பொருளாக நிலைபெற்றதே தவிர, மருந்தாக நிலைக்கவில்லை. மேதைமை ஒருவரைத் தவறிலிருந்து காக்காது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

டியூபர்குலினுக்கு அடுத்து வந்தது தங்க உப்பு. 1920-களில் டென்மார்க்கில் தொடங்கி ஐரோப்பா முழுவதும் காசநோயாளிகளுக்குத் தங்கக் கூட்டுப்பொருள் ஊசி மூலம் செலுத்தப்பட்டது. போட்டுக்கொண்டவர்களில் பலர் தேறினார்கள், மருத்துவர்களும் அதை மனமார நம்பினார்கள். ஆனால் காசநோய் மருந்தே இல்லாமலும் சிலருக்குத் தானாகத் தணியக்கூடியது. எனவே மருந்து பெற்றவர் தேறினார் என்பது மட்டும் ஒன்றையும் நிறுவாது. மருந்து பெறாத, மற்றெல்லா வகையிலும் அவரைப் போன்ற இன்னொருவர் என்ன ஆனார் என்பதும் தெரிந்தாக வேண்டும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகருக்கு அருகிலிருந்த ஒரு சானடோரியத்தில், ஜேம்ஸ் பர்ன்ஸ் ஆம்பர்சன் என்ற மருத்துவர் தம் சகாக்களோடு 24 நோயாளிகளை, ஒருவருக்கொருவர் நிகராக இருக்கும்படி 12 பேர் கொண்ட இரு குழுக்களாகப் பிரித்தார்; எந்தக் குழுவுக்குத் தங்கம், எந்தக் குழுவுக்கு வெறும் வாலைவடிநீர் என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தார்கள். தமக்குப் போடப்படுவது எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. 1931-இல் வெளியான முடிவு, தங்கத்தால் நன்மை இல்லை, உடலுக்குத் தீங்கே மிகுதி என்று காட்டியது. மருந்து பெறாத அந்த இரண்டாவது குழுவைத்தான் ஆய்வாளர்கள் கட்டுப்பாட்டுக் குழு என்கிறார்கள். அது இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கும் அறிவுக்கும் வேறுபாடு காண இயலாது.

நாணயம் சுண்டுவது முதல் பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றினாலும், ஆய்வு முறையின் மிக ஆழமான கண்டுபிடிப்புகளில் ஒன்று அதற்குள் அடங்கியிருக்கிறது. யாருக்குப் புதிய மருந்து என்பதை மருத்துவரே தேர்ந்தெடுப்பாரானால், தம்மை அறியாமலேயே தேறக்கூடியவர்களை ஒரு பக்கமும் தளர்ந்தவர்களை மறுபக்கமும் சேர்த்துவிடுவார். அதன்பின் கிடைக்கும் வேறுபாடு மருந்தால் வந்ததா, தேர்வால் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. வயது, உணவு, நோயின் முற்றல் போன்ற தெரிந்த வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்து இரு குழுக்களையும் நிகராக்கலாம் என்றாலும், இன்னும் எவருக்கும் தெரியாத வேறுபாடுகளை அவ்வாறு நிகராக்க வழியில்லை. குலுக்கல் போன்ற ஒரு முறையால், அதாவது ஒவ்வொருவருக்கும் எந்தக் குழுவிலும் சேரச் சமமான வாய்ப்பு இருக்கும்படி பிரித்தால், தெரிந்தவையும் தெரியாதவையும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவிவிடும். இதற்குச் சமவாய்ப்பு முறை என்று பெயர்.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டு, போருக்குப் பின் சிறிதளவே பிரிட்டனுக்குக் கிடைத்தபோது, புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் இந்த முறையை முழு ஒழுங்கோடு அங்கே கையாண்டார். கேட்பவர் அனைவருக்கும் கொடுக்க மருந்து போதாத நிலையில், இருப்பதைக் கொண்டு உறுதியான விடை காண்பதே நேர்மையான வழி என்று மருத்துவ ஆராய்ச்சிக் குழு கருதியது. 107 நோயாளிகளில் 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்தும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டுமே என்பதும் எண் அட்டவணையால் தீர்மானிக்கப்பட்டு, மூடி ஒட்டிய உறைகளில் வைக்கப்பட்டன. ஒரு நோயாளி ஆய்வுக்கு ஏற்றவர் என்று சேர்த்துக்கொள்ளப்பட்ட பிறகே அவருக்குரிய உறை திறக்கப்பட்டது. மார்பு எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவினருடையது என்பது மறைக்கப்பட்டிருந்தது, ஏனெனில் பார்க்க விரும்புவதையே காணும் பழக்கம் படித்த கண்ணுக்கும் உண்டு. ஆறு மாத முடிவில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தார்கள்.

வெற்றி என்று இங்கேயே நிறுத்தியிருந்தால் அதுவும் தவறாகவே முடிந்திருக்கும். அதே நோயாளிகளைத் தொடர்ந்து கண்காணித்தபோது, ஐந்தாண்டு முடிவில் மருந்து பெற்றவர்களில் 32 பேரும் பெறாதவர்களில் 35 பேரும் இறந்திருந்தது தெரிந்தது. ஒரே மருந்தைத் தனியாகக் கொடுத்ததால் அதற்கு அடங்காத கிருமிகள் தப்பிப் பெருகிவிட்டன என்பதே காரணம். அளவிடும் காலத்தைக் குறுக்கினால் விடையே மாறிவிடும் என்ற பாடமும், இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் கிருமி தப்பாது என்ற அடுத்த கருதுகோளும் அந்தத் தோல்வியிலிருந்து பிறந்தவை. கருதுகோள் என்பது, சோதித்துப் பார்த்துச் சரியென்றோ தவறென்றோ சொல்லக்கூடிய வகையில் அமைத்துக்கொள்ளும் தற்காலிக விளக்கம். பி.ஏ.எஸ். என்ற மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துச் சோதித்தபோது அந்தக் கருதுகோள் நிலைத்தது. 1952-இல் ஐசோனியசிட் மருந்தும் வந்து சேர்ந்தது. வாய்வழியே சாப்பிடக்கூடிய ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.-உம் கையில் இருந்ததால்தான் சென்னையில் வீட்டுச் சிகிச்சை என்பதையே எண்ணிப் பார்க்க முடிந்தது.

சேத்துப்பட்டு மையத்தின் முதல் இயக்குநராக வந்த வாலஸ் ஃபாக்ஸும் அவருடன் பணியாற்றிய இந்திய மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் முதலில் செய்தது, கேள்வியைச் சுருக்கியது. வீடு நல்லதா, சானடோரியம் நல்லதா என்று கேட்டால் வாழ்நாள் முழுவதும் வாதாடலாம். யாருக்கு, எந்த மருந்தோடு, எவ்வளவு காலம், எதைக் கொண்டு அளந்தால் என்று ஒவ்வொன்றாக வரையறுத்த பிறகுதான் அது ஆய்வுக்குரிய கேள்வியாகிறது. சென்னை நகரில் வசிக்கும் ஏழை நோயாளிகள், முன்பு காசநோய் மருந்தை அநேகமாக எடுத்துக்கொண்டிராதவர்கள், சளியில் கிருமி இருப்பது உறுதியானவர்கள் என்று வரையறுத்து 193 பேர் சேர்க்கப்பட்டார்கள். சமவாய்ப்பு முறையில் ஒரு பகுதியினர் சானடோரியத்துக்கும் மற்றவர்கள் தம் வீட்டுக்கும் அனுப்பப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.-உம் ஓராண்டு கொடுக்கப்பட்டன. மருந்து இரு பக்கமும் ஒன்றே, மாறுவது சிகிச்சை பெறும் இடமும் அதனோடு வரும் ஓய்வும் உணவும் மட்டுமே. ஆய்வில் ஒரு சமயத்தில் மாற்றி வைக்கப்படும் கூறை மாறி என்பார்கள். மற்றவற்றை அசையாமல் நிறுத்தி அதை மட்டும் அசைத்தால்தான் விளைவை அதற்கு உரியதாகச் சொல்ல முடியும்.

குணமடைந்தார் என்பதை எதைக்கொண்டு சொல்வது என்பது அடுத்த சிக்கல். உடல் எடையை அளவுகோலாகக் கொண்டிருந்தால், வேளாவேளைக்குச் சத்துணவு கிடைத்த சானடோரிய நோயாளிகளே வென்றிருப்பார்கள். அவர்களுக்கு எடை அதிகமாகத்தான் கூடியது. ஆனால் எடை கூடுவது நல்ல சாப்பாட்டின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பதால், சளியை எடுத்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்து, கிருமி வளர்கிறதா இல்லையா என்பதையே முதன்மை அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். இதைவிடக் கவனம் எடுத்துக்கொண்ட வேறொரு விஷயம், வீட்டில் இருப்பவர் மாத்திரையை உண்மையிலேயே விழுங்குகிறாரா என்பது. பி.ஏ.எஸ். அளவில் பெரியது, வயிற்றைப் புரட்டக்கூடியது. தவிர்க்கத் தோன்றுவது இயல்பு. வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் செல்ல வேண்டும் என்பதோடு, சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குச் சென்று மீதமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி, அதில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து நிறம் மாறுகிறதா என்று பார்த்து, மருந்து உள்ளே சென்றிருக்கிறதா என்பதை அறிந்தார்கள். நோயாளியைச் சந்தேகிப்பது அதன் நோக்கம் இல்லை. கொடுத்ததாகக் கணக்கில் இருப்பதும் உடலுக்குள் சென்றதும் ஒன்றுதானா என்பது தெரியாமல் மருந்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதே காரணம்.

1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் முடிவு வெளியானது. ஓராண்டு சிகிச்சையின் முடிவில் நோய் ஓய்ந்த நிலையை எட்டியவர்கள் வீட்டுக் குழுவில் 86 சதவீதம், சானடோரியக் குழுவில் 92 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பார்ப்பவர் சானடோரியமே மேல் என்று சட்டென்று சொல்லிவிடக்கூடும். புள்ளியியலின் தேவை சரியாக இந்த இடத்தில்தான் எழுகிறது. ஒரே சிகிச்சையை ஒரே இடத்தில் இரு குழுக்களுக்குக் கொடுத்தாலும் விளைவுகள் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்காது. தற்செயலாகவே சில சதவீதம் முன்பின் ஆகும். இத்தனை பேர் கொண்ட குழுக்களில் ஆறு சதவீத வேறுபாடு தற்செயலாலேயே தோன்றக்கூடிய அளவிலானது என்று கணக்கு காட்டியது. எனவே ஆய்விலிருந்து சொல்லக்கூடியது, சானடோரியத்தால் வரும் கூடுதல் நன்மை இருந்தாலும் அது சிறிதே என்பதுதான். பற்றாக்குறை உணவு, நெரிசல், ஓய்வின்மை ஆகிய அத்தனையும் வீட்டின் பக்கம் இருந்தும் வேறுபாடு இவ்வளவே என்றால், நோயை வென்றது இரண்டு மருந்துகளின் கூட்டே என்பது புலனாகிறது. பின்னர் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் இரு குழுக்களின் நிலையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது.

அனைவரும் அஞ்சியது குடும்பத்தினருக்குப் பரவும் தொற்றை. நோயாளிகளோடு வாழ்ந்தவர்களையும் ஆய்வாளர்கள் எக்ஸ்ரே எடுத்தும் பரிசோதித்தும் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் கூடுதலாகப் பரவவில்லை. நோய் கண்டறியப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே பெரும்பாலான தொற்று நடந்து முடிந்துவிடுகிறது, மருந்து தொடங்கியதும் பரப்பும் வல்லமை விரைவில் குறைகிறது என்பதே இதற்கான விளக்கம். பல பத்தாண்டுகளாக நோயாளிகளைக் குழந்தைகளிடமிருந்தும் துணையிடமிருந்தும் பிரித்துவைத்ததற்கு இருந்த முதன்மையான நியாயம், ஒரு நகரத்து ஏழைகளின் ஒத்துழைப்போடு நடந்த ஓர் ஆய்வால் அகன்றது. உலகெங்கும் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. தமிழ்நாட்டின் பள்ளிப் பாடநூல்களில் இது முழுப் பாடமாகவே இடம்பெறத் தகுதியுடையது.

முடிவைப் படிப்பவர் அதன் எல்லையையும் படிக்க வேண்டும். மருந்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. இலவச மருந்தும் வாராந்தர வருகையும் வீடு தேடிச் சென்ற பணியாளர்களும் இருந்த சூழலில் கிடைத்த விடை அது. அவை இல்லாத இடத்தில் நோயாளிகள் இடையில் மருந்தை நிறுத்தியபோது விளைவு வேறாகத்தான் இருந்தது. ஆகவே அதே மையம் அடுத்து, வாரத்துக்கு இருமுறை மட்டும் பணியாளரின் கண்முன்னே மருந்து கொடுத்தால் போதுமா என்ற கேள்வியை எடுத்துக்கொண்டது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர் அந்த ஆய்வுகளில் இருக்கிறது. மையமும் வளர்ந்து, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகச் சேத்துப்பட்டிலேயே இயங்குகிறது.

எல்லாக் கேள்விகளுக்கும் குழு பிரித்துச் சோதிக்கும் முறை பொருந்தாது. நாட்டில் எத்தனை பேருக்குக் காசநோய் என்று அறியக் கணக்கெடுப்பு வேண்டும். அனைவரையும் பரிசோதிக்க இயலாது என்பதால் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானை முழுவதும் ஒரே சீராக வெந்திருக்கும்போதுதான் மெய். மக்கள் அவ்வாறு சீராக இல்லாததால், மாதிரி எனப்படும் அந்தப் பகுதியைப் பல இடங்களிலிருந்தும் விருப்பு வெறுப்பின்றிப் பொறுக்கியெடுக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1955 முதல் 1958 வரை நடத்திய கணக்கெடுப்பு, நகரத்து நோய் என்று அதுவரை எண்ணப்பட்ட காசநோய் கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதைக் காட்டியது. ஆனால் கிராமத்து நோயாளிகள் ஏன் சிகிச்சைக்கு வருவதில்லை என்பதை எக்ஸ்ரே சொல்லாது. பெங்களூரிலுள்ள தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜி, ஸ்டிக் ஆண்டர்சன் இருவரும் துமகூரு மாவட்டத்துக் கிராமங்களில் நோயாளிகளைச் சந்தித்துப் பேசி அறிந்து 1963-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே மருத்துவமனைகளையும் சுகாதார நிலையங்களையும் நாடிச் சென்றிருந்ததைக் கண்டது. அங்கே இருமல் மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார்கள். மக்களின் அறியாமையே தடை என்ற பொதுக்கருத்து, அவர்களிடமே பொறுமையாகக் கேட்டபோது நிற்கவில்லை. எண்ணிப் பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது, கேட்டு அறிவது ஆகிய மூன்றில் எது தேவை என்பதைக் கேள்விதான் முடிவு செய்கிறது.

மனிதர்களை வைத்து ஆராயும்போது அவர்களுடைய அறிவார்ந்த சம்மதம் இல்லாமல் எதுவும் செய்யக்கூடாது என்ற விதி இன்று ஆய்வு முறையின் பிரிக்க முடியாத பகுதி. பிரிட்டனின் ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் கட்டுப்பாட்டுக் குழுவினருக்குத் தாம் ஓர் ஆய்வில் இருப்பதே தெரிவிக்கப்படவில்லை. அமெரிக்காவின் டஸ்கிகீயில் கறுப்பின மக்களின் மேகநோய்க்கு மருந்து கிடைத்த பின்னரும் கொடுக்காமல் 1932 முதல் 1972 வரை வெறுமனே கண்காணித்த கொடுமையும் ஆய்வு என்ற பெயரிலேயே நடந்தது. ஆய்வுக்கான அறநெறிகளை வகுத்த 1964-இன் ஹெல்சின்கி பிரகடனமும் ஒவ்வொரு நிறுவனத்திலும் இன்று இயங்கும் அறநெறிக் குழுக்களும் தற்செயலாக வந்தவை அல்ல.

இந்த முறையைப் பெரிய நிறுவனங்களுக்கே உரியதாக எண்ணுவது தவறு. ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஒரு கைப்பிடி பச்சைப்பயறை வைத்துக்கொண்டு இதில் பெரும்பகுதியைக் கற்க முடியும். பயறு முளைக்க வெளிச்சம் வேண்டுமா என்பது கேள்வி என்று கொள்ளலாம். பெரும்பாலான மாணவர்கள் ஒரு கிண்ணத்தை ஜன்னலோரத்திலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வைப்பார்கள். ஜன்னலோரக் கிண்ணம் வெயிலில் சூடாகி ஈரம் உலர்ந்து பிந்தி முளைக்கும்போது, வெளிச்சம்தான் காரணம் என்று எழுதிவிடுவார்கள். அங்கே மாறியது வெளிச்சம் மட்டும் இல்லை, வெப்பமும் ஈரமும்கூட என்பதை ஆசிரியர் சொல்லாமல் அவர்களே கண்டுபிடிக்க விட்டால், இரண்டு கிண்ணங்களையும் ஒரே மேசையில் வைத்து ஒன்றைக் கறுப்புத் தாளால் மூடும் யோசனை வகுப்பிலிருந்தே வரும். பிறகு வேறு கேள்விகள் எழும். பெரிய பயறுகளை ஒருவர் தம் கிண்ணத்துக்குப் பொறுக்கிக்கொண்டால் என்ன செய்வது? நூறு பயறுகளையும் கலந்து, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது ஐம்பதாகப் பிரிக்கலாம். தோல் வெடித்தால் முளைத்ததாகுமா, வேர் வெளியே தெரிந்தால்தான் ஆகுமா? தொடங்கும் முன்பே ஒரு வரையறை எழுதிவைக்க வேண்டும். ஒரு கிண்ணத்தில் 46-உம் மற்றொன்றில் 44-உம் முளைத்தால் அதை வேறுபாடு என்று சொல்லலாமா? வகுப்பின் ஐந்து குழுக்களும் தனித்தனியே செய்து முடிவுகளை அருகருகே எழுதிப் பார்த்தால், சில குழுக்களில் இது கூடவும் சிலவற்றில் அது கூடவும் இருப்பதிலிருந்து தற்செயல் என்றால் என்ன என்பது எந்த வாய்பாடும் இல்லாமல் விளங்கிவிடும். முளைக்காத பயறுகளையும், தண்ணீர் கொட்டிப்போன கிண்ணத்தையும் குறிப்பேட்டில் மறைக்காமல் எழுத வேண்டும் என்பதை மட்டும் ஆசிரியர் விட்டுக்கொடுக்கக்கூடாது.

இவ்வாறு கற்பிப்பது அரசுப் பள்ளிகளில் நடக்காது என்ற ஐயத்துக்கு இந்தியாவிலேயே விடை உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கப்பட்ட அறிவியல் கல்வித் திட்டம், 1978-இல் மாவட்டம் முழுவதும் விரிந்து, 2002-இல் மாநில அரசு நிறுத்தும்வரை முப்பதாண்டுகள் நடந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு அதைப் பின்னர் வளர்த்தது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் தொடங்கிய துளிர் இதழும், 1993 முதல் ஆண்டுதோறும் 10 முதல் 17 வயதுக் குழந்தைகள் தம் ஊரின் நீரையும் மண்ணையும் உணவையும் குழுவாக ஆராய்ந்து அறிக்கை தரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும் தமிழ் மாணவர்களுக்கு அதே வாசலைத் திறந்தன. ஹோஷங்காபாத் திட்டத்தில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கொடுக்கப்பட்ட நூல், விடைகளைச் சொல்லாமல் செய்து பார்க்க வேண்டியவற்றையும் கேள்விகளையும் மட்டுமே கொண்டிருந்தது. விடையைக் குழந்தைகள் நான்கு பேராகச் சேர்ந்து சோதித்து, விவாதித்து, தம் குறிப்பேட்டில் எழுத வேண்டும். அத்திட்டத்தின் தேர்வு கேட்டது, இதுவரை பார்த்திராத ஒரு சோதனையை எவ்வாறு அமைப்பது, கொடுக்கப்பட்ட அட்டவணையிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதையே. ஆகவே நூலையும் குறிப்பேட்டையும் தேர்வு அறைக்குள் எடுத்துச் செல்ல மாணவர்கள் அனுமதிக்கப்பட்டார்கள்.